பன்னியா, பட்டியா?

போர்ட் பிளேரில் சரக்குக் கட்டும் ஆட்கள் வாயிலிருந்து ‘பன்னி’ என்று வந்தால் அது நாலு கால் பிராணி இல்லை. பெட்டிகளைச் சுற்றி இழுத்துக் கட்டும் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள். ‘பட்டி’ என்று வந்தால் அந்தப் பிராணியை அடைக்கிற இடமும் இல்லை. பெட்டிகளை வரிந்து கட்டும் விரலகல பிளாஸ்டிக் வார். இரண்டும் இந்திச் சொற்கள். ஆனால் தீவுக்கு வந்த தமிழன் ஆறே மாதத்தில் இரண்டையும் தமிழென்றே நம்பத் தொடங்கிவிடுவான். ஹாடோ துறைமுகத்தில் பெட்டி எண்ணும் குமாஸ்தாவாக முப்பத்தாறு வருஷம் நானும் அப்படித்தான் நம்பினேன். வானத்து நட்சத்திரங்களைவிட இரண்டு பெட்டி கூடுதலாக எண்ணியவன் நான். அப்பேர்ப்பட்ட பக்தவத்சலத்தின் நம்பிக்கை, நளினியின் வேலையை ஒரு வாரம் அந்தரத்தில் தொங்கவிட்டது.

நளினி கராச்சர்மாவில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். டாலிகஞ்சில் ஒரு சென்னை மருந்து கம்பெனியின் கிடங்கு இருக்கிறது. அதற்குப் பொறுப்பு அவள்தான். நாற்பத்திரண்டு வயது. அவள் பூட்டனைக் கைதியாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய காலத்திலிருந்து குடும்பம் இந்த மண்ணில்தான். மெயின்லேண்டுக்கு மொத்தம் மூன்று தடவை போயிருக்கிறாள். மூன்று தடவையும் சளி பிடித்துத் திரும்பினாள்.

அவளுடைய கிடங்கிலிருந்து மாதம் ஒரு முறை ஹட் பே என்ற தெற்குத் தீவுத் துறைமுகத்துக்கு மருந்து போக வேண்டும். மரச்சட்டத்தால் செய்த பேலட் ஒன்றின் மேல் அடியில் சலைன் பாட்டில் பெட்டிகள், அதற்கு மேல் மருந்துப் புட்டிகள், உச்சியில் மாத்திரை. மொத்தத்தையும் ஒரே மூட்டை போலக் கட்டிக் கப்பலில் ஏற்றினால், எட்டு மணி நேரம் கடலில் ஆடிப்போய் இறங்கும். அங்கே அதைப் பார்த்து வாங்குபவர் மருந்தாளுநர் மீனாம்பாள். பெட்டி மூலையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார். கொசு உட்கார்ந்த பெட்டியைக் கால்தடம் பார்த்துத் திருப்பி அனுப்பியவர் என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

முதல் தடவை நளினி பன்னி சுற்றி அனுப்பினாள். போய் இறங்கியபோது சரக்கு கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பன்னி பெட்டிகளைப் பெட்டிகளோடு சேர்த்துப் பிடித்ததே தவிர, பேலட்டோடு பிடிக்கவில்லை. போதாததற்கு வெக்கையில் உள்ளே வியர்த்து, அட்டையெல்லாம் நமுத்துப்போய்விட்டது. திரும்பி வந்தது.

“பன்னியை நம்பலாமா? பட்டி போடு, பட்டி! இரும்புப் பிடி!” என்று நான் மார் தட்டினேன். துறைமுகத்தில் யாரிடமோ கெஞ்சி ஒரு துண்டு பட்டி வாங்கிவந்து, நானே நின்று வரிந்து கட்டவைத்தேன். இரண்டாவது தடவை சரக்கு சாயவே இல்லை, நிமிர்ந்து நின்றது. ஆனால் பட்டி பட்ட இடமெல்லாம் அட்டை முனை வெட்டுப்பட்டு, கொழுகொழு குழந்தைக்கு அரைஞாண் இறுக்கினது போல உள்ளே போயிருந்தது. பதினேழு மருந்துப் புட்டிகள் கழுத்தொடிந்தன. அதுவும் திரும்பி வந்தது.

அதன்பிறகுதான் சென்னையிலிருந்து கடிதம். அதை நளினி கிடங்கு வாசலில் நின்று எனக்குப் படித்துக் காட்டினாள்.

“மூணாவது தடவையும் திரும்பி வந்தா கிடங்கை மூடிருவாங்களாம் மாமா. எனக்குச் சென்னைக்கு மாற்றல்னு எழுதியிருக்காங்க. நல்லா இனிப்பா எழுதியிருக்காங்க.”

“சென்னை என்ன மோசமா? பீச்சு இருக்கு, பெரிய பெரிய…”

“அரே மாமா, எனக்கு பீச்சைக் காட்டாதீங்க. என் பூட்டனுக்கு இங்க வந்தது காலாபானி, கடல்தாண்டின தண்டனை. எனக்கு அங்க போறது காலாபானி. நான் போக மாட்டேன்.” கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். “அடுத்த புதன்கிழமை கப்பல். இந்தத் தடவை வாய்ப்பேச்சு வேணாம். ஒரு பேலட் பன்னி, ஒரு பேலட் பட்டி. ரெண்டையும் கட்டி, லாரியில ஏத்தி, டாலிகஞ்ச் குழி ரோட்ல ஓட்டிப் பாக்கறேன். எது நிமிர்ந்து, நசுங்காம நிக்குதோ அதுதான் கப்பல் ஏறும்.”

கிடங்கில் பன்னி மலை மாதிரி இருந்தது. பட்டிதான் இல்லை. போர்ட் பிளேர் கடைகளில் கேட்டால், “அடுத்த கப்பல்ல வரும்” என்றார்கள். இங்கே எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நளினி கப்பலில் இடம் பிடிக்க பீனிக்ஸ் பே போக வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம், “தலைமை ஆபீஸ் பிரவீன்குமாருக்கு ஒரு வாய்ஸ் போட்டுருங்க மாமா. ஒரே ஒரு ரோல் போதும். ஸ்ட்ராப்னு தெளிவா சொல்லுங்க” என்றாள்.

ஒரே ஒரு ரோல்! கேட்பதே கேட்கிறோம், நாற்பது கேட்டால்தானே நாலாவது வரும்? நான் ஃபோனை வாயருகே பிடித்து, கப்பல் மூழ்கும்போது கூப்பிடுகிறவன் குரலில் பேசினேன்.

“தம்பி பிரவீன்குமார், இங்க நெலம ரொம்ப மோசம். பன்னி நெறைய கெடக்கு, கிடங்கு பூரா பன்னிதான். பட்டிதான் இல்ல. நாற்பது ரோல் பட்டி உடனே அனுப்பு. நாள் தாங்காது தம்பி!”

உருக்கமாகத்தான் பேசியிருந்தேன். எனக்கே கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விமானத்திலேயே சரக்கு வந்துவிட்டது. கிடங்கின் மூத்த சுமையாள் பிமல், வங்காளி, கால் தாங்கித் தாங்கி ஓடிவந்து, “தாதா, பட்டி ஆ கயா! வந்தாச்சு!” என்று கத்தினான். ஒரு ரோல் கேட்ட இடத்தில் நாற்பது பெட்டி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் நளினியைப் பார்த்து மீசையை முறுக்கினேன். அவள் ஒரு பெட்டியைப் பிரித்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில், மெத்து மெத்தென்று, அடுக்கடுக்காக, இழுத்தால் நீளும் கிரேப் பேண்டேஜ்.

இரண்டாவது பெட்டியிலும் பேண்டேஜ்தான். மூன்றாவதை அவள் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அப்போது ஃபோன் அடித்தது. பிரவீன்குமார்.

“சார், வந்து சேர்ந்துருச்சா? பன்னி கடிச்சவங்க எப்படி இருக்காங்க?”

“எந்தப் பன்னி?”

“நீங்கதானே சார், கிடங்கு பூரா பன்னின்னீங்க! பட்டின்னா என்னன்னு எனக்குப் புரியல. கீழ மருந்துக்கடை சேட்டுகிட்ட கேட்டேன், இந்தியில பட்டின்னா பேண்டேஜ்னார். எத்தனை பேரைக் குதறியிருந்தா நாற்பது ரோல் கேப்பீங்க! எனக்கு மனசே ஆறல சார். நாற்பது பெட்டியாவே போட்டுட்டேன்.”

“தம்பி, நீ ரொம்ப நல்லவன்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“மேனேஜர்தான் சார் கோவமா இருக்கார். மருந்துக் கிடங்குல யார் பன்னி வளக்கச் சொன்னதுன்னு கேக்கறார்.”

நளினி ஃபோனை என் கையிலிருந்து வாங்கினாள். “பிரவீன், இங்க பன்னியும் இல்ல, கடியும் இல்ல. மேனேஜர்கிட்ட நான் எழுதறேன். புதன்கிழமை சரக்கு போகும், அதையும் சொல்லிருங்க.” வைத்துவிட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. நாற்பது பெட்டியையும் ஒரு தடவை சுற்றி வந்தாள்.

“மாமா, நான் எத்தனை ரோல் சொன்னேன்?”

“ஒண்ணு.”

“என்ன சொல்லிக் கேக்கச் சொன்னேன்?”

“ஸ்ட்ராப்.”

“சரி. உக்காருங்க.”

பதினேழு புட்டியின் கழுத்தை ஒடித்ததும் நான், இதுவும் நான். முக்காலியில் உட்கார்ந்தேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் அப்படி ஓசையில்லாமல் உட்கார்ந்ததே கிடையாது.

கதை அத்தோடு முடிந்திருக்கும், பிமலுக்குக் கால் சுளுக்காமல் இருந்திருந்தால். இரண்டு நாள் முன்பு பேலட் மூலையில் இடித்துக்கொண்ட கணுக்கால் வீங்கியிருந்தது. இத்தனை பேண்டேஜைக் கண்டதும் அவன் ஒன்றை எடுத்து, சரக்குக் கட்டுகிற பழக்கத்தில், கணுக்காலில் ஒரே இடத்தில் நாலு சுற்று சுற்றி, பல்லைக் கடித்து இறுக்கி முடிச்சுப் போட்டான். ஐந்து நிமிஷத்தில் அவன் பாதம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

“ஹே பகவான், பிமல்! இது காலா, கோணிமூட்டையா?” என்று நளினி குத்த வைத்து உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். “இங்க பாரு. விரல்கிட்ட, கீழேர்ந்து ஆரம்பிக்கணும். ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதிய மூடணும். குதிகாலுக்கு அடியில குறுக்க விட்டு எடுக்கணும், அப்பத்தான் கட்டு மேல ஏறாது. விரல மூடாத, காத்து வேணும். முடிச்சப்புறம் நகத்தை அமுக்கி விடு. வெள்ளையாகி, திரும்ப சிவந்தா கட்டு சரி.”

நகத்தை அமுக்கினாள். வெளுத்தது, சிவந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பிமலின் பாதத்தைக் கையில் பிடித்தபடியே தலையைத் திருப்பி, சுவரோரம் நின்ற பேலட்டைப் பார்த்தாள்.

“மாமா.”

“சொல்லும்மா.”

“நம்ம முதல்தடவை பன்னியை எங்கேர்ந்து சுத்த ஆரம்பிச்சோம்?”

“பெட்டியிலேர்ந்து.”

“பாதத்தை விட்டுட்டு முழங்கால்ல கட்டியிருக்கோம்!” பிமலின் காலைத் தொப்பென்று விட்டாள். அவன் அலறினான். “ரெண்டாம் தடவை இவன் கட்டின மாதிரி, ஒரே எடத்துல இறுக்கிக் கத்தரிக்கா ஆக்கிட்டோம். பன்னியா பட்டியான்னு நாம சண்டை போட்டது தப்பு மாமா. கட்டற விதம்தான் தப்பு.”

அன்று மாலைவரை அந்தக் கிடங்கில் நடந்ததைப் பார்த்திருந்தால் நாட்டு வைத்தியர்களெல்லாம் வந்து பாடம் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். பன்னியை முதலில் கயிறாக முறுக்கினாள். அதைப் பேலட்டின் மரக்காலுக்கு அடியில் குறுக்காக விட்டு எடுத்து, மரத்தையும் முதல் வரிசைப் பெட்டியையும் சேர்த்துப் பிடிக்கவைத்தாள். அங்கிருந்து பாதிக்குப் பாதி மூடிக்கொண்டே மேலே ஏறினாள். இரண்டு வரிசைக்கு ஒருமுறை நாலு விரல் இடைவெளி விட்டாள். “மூச்சு விடட்டும். வேர்க்காது. லேபிளும் வெளிய தெரியும்.”

பிறகு பேண்டேஜ் வந்த காலிப் பெட்டிகளைக் கிழித்து, நீளவாக்கில் மடித்து, மூன்று அட்டை சேர்த்து ஒட்டி, நாலு மூலைக்கும் நிற்கவைத்தாள். உச்சி ஓரங்களுக்கும் அதே. “எலும்பு முறிஞ்சா மூங்கில் சிம்பு வச்சுத்தான கட்டுவாங்க? இது சிம்பு.”

லாரியில் ஏற்றி டாலிகஞ்ச் குழி ரோட்டில் ஓட்டினோம். குழிகளைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு குழியில் இறங்கி ஏறுவதற்குள் எனக்கு முடி நரைத்தது. திரும்பி வந்து பார்த்தால் சரக்கு சாயவில்லை. ஆனால் மேல் வரிசை இரண்டு விரல் துள்ளி விலகியிருந்தது.

“மேலேர்ந்து அமுக்கிப் பிடிக்க ஏதாவது வேணும்” என்றாள் நளினி. “இப்ப சிம்பு இருக்கு, பட்டி போட்டாலும் அட்டையை அறுக்காது. நெடுக ஒண்ணு, குறுக்க ஒண்ணு. பத்து மீட்டர் போதும். பத்தே மீட்டர்.”

பத்து மீட்டர் பட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள். நானாகப் போட்டுக்கொண்டது ஒரு சுற்று புதுப் பட்டி. எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கூரைக்கு அடியில் மூன்று வருஷமாக அதுதான் துணி உலர்த்தும் கொடி.

நான் போனபோது கொடியில் என் மனைவி மங்கையர்க்கரசியின் ஏழு புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன.

“என்னத்தைங்க அவுக்கிறீங்க?” என்று அடுக்களையிலிருந்து குரல்.

“ஒரு உயிரைக் காப்பாத்தணும் மங்கை!”

“போன மாசம் இதையே சொல்லித்தான் என் மாவு சல்லடையை மீன் பிடிக்கக் கொண்டுபோனீங்க. யார் உயிர்?”

“நளினி. சென்னைக்குப் போயிருவா.”

அவள் வெளியே வந்தாள். நளினி இல்லாத தெருவை மனதுக்குள் ஒரு நொடி பார்த்தாள் போலிருக்கிறது. புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். “வேற கொடி கட்டித் தரணும். நாளைக்கே. புரியுதா?”

இருபது மீட்டர் இருக்கும் என்று சொல்லி நளினியிடம் நீட்டினேன். அளந்தால் பதினொன்று. அவள் அதை வளைத்துப் பார்த்தாள், வெயில் பட்டு வெளுத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒரு முனையை என்னிடம் கொடுத்து மறுமுனையில் பிமலோடு சேர்ந்து தொங்கினாள். பட்டி அறுபடவில்லை. நான்தான் விழுந்தேன். சிம்புக்கு மேலாக நெடுக ஒன்று, குறுக்கே ஒன்று. இறுக்கும் உரிமையை எனக்குத் தரவில்லை. அவளே இறுக்கி, நடு விரலால் சுண்டிப் பார்த்து நிறுத்தினாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லாரி அதே குழிகளில் மூன்று தடவை போய்வந்தது. மேல் வரிசை நகரவில்லை.

புதன்கிழமை காலை ஆறரை மணிக் கப்பலில் சரக்கோடு நளினியும் ஏறினாள். கட்டிவிட்டுக் கரையில் நிற்க அவளால் முடியாது. அவளைத் தனியாக அனுப்ப என்னாலும் முடியாது. போகாதே என்றிருந்தால் நீந்தியாவது போயிருப்பேன்.

அன்றைக்குக் கடல் நல்ல கோபத்தில் இருந்தது. அலை ஒவ்வொன்றும் தென்னை மர உயரம். சரி, வாழை மர உயரம். கப்பலில் பாதிப்பேர் பாலித்தீன் பையும் கையுமாகக் கிடந்தார்கள். நளினி மணிக்கொரு தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்தளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“எப்படியிருக்கு?” என்பேன், கண்ணைத் திறக்காமல்.

“நிக்குது.”

மறுபடி ஒரு மணி நேரம் கழித்து, “எப்படி?”

“உங்களைவிட நல்லா நிக்குது மாமா.”

ஹட் பேயில் இறங்கும்போது மணி மூன்று. தூறல். கப்பல் கிரேன் பேலட்டைத் தூக்கி, கரைக்கு மேலே ஒரு நிமிஷம் தொட்டில் ஆட்டிவிட்டு, கடைசி இரண்டடியைத் தொபீரென்று விட்டது. நளினி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் இறங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன்.

மீனாம்பாள் குடையோடு வந்தார். கச்சால் தீவுக்கு வந்து சேர்ந்த இலங்கைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர், மெல்லிய குரல், இளகவே இளகாத முகம். பேலட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து மரக்காலைப் பார்த்தார். இடைவெளிக்குள் விரலை விட்டுத் துழாவினார், ஈரம் இருக்கிறதா என்று விரலைப் பார்த்தார். கையால் ஒரு தள்ளு தள்ளினார். சரக்கு அசையவில்லை. அவர்தான் அரையடி பின்னால் போனார்.

“இது என்னா, பேக்கிங்கா, வைத்தியமா?”

“ரெண்டும்தான் மேடம்” என்றாள் நளினி.

“பிரிச்சுப் பார்க்கணுமே. போன தடவையும் வெளிய நல்லாத்தான் நின்னுச்சு. உள்ள எல்லாம் போயிருச்சு.”

“அடிப்பெட்டியும் பாருங்க, மருந்துப் புட்டியும் பாருங்க. நான் நிக்கிறேன்.”

சரக்கைத் துறைமுகக் கொட்டகைக்குள் நகர்த்தினார்கள். மீனாம்பாள் பையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் நறுக்கென்று ஒரு சத்தம், இன்னொரு நறுக்கு. என் கொடி இரண்டாகி, பிறகு நாலாகித் தரையில் விழுந்தது. “ஐயையோ மேடம், அது வீட்டுக் கொடி!” என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அட்டைப் பெட்டியாக இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன்.

உச்சியிலிருந்து இறக்கினார்கள். மாத்திரை சரி. மருந்துப் புட்டிகளை அவர் ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, எல்லாப் பெட்டியும். ஒன்றும் ஒடியவில்லை. கடைசியில், முழு பாரத்தையும் சுமந்துவந்த சலைன் பெட்டியின் மூலைக்கு வந்தார். கட்டைவிரலால் அழுத்தினார். அட்டை உள்ளே போயிற்று. விரலை எடுத்ததும் நிமிர்ந்தது.

நளினி மூச்சை விட்டாள். அந்த மூச்சில் மாத்திரைப் பெட்டிகள் பறந்துவிடும் என்று நினைத்தேன்.

மீனாம்பாள் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “அடுத்த மாசமும் இப்படியேதானே வரும்?” என்றார்.

“நான்தான் கட்டுவேன் மேடம். மாசா மாசம்.”

நளினி அங்கேயே நின்று கையெழுத்தைப் படம் எடுத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் பிரவீன்குமாரிடமிருந்து பதில் வந்தது: மேனேஜர் சரி என்றார், மாற்றல் ரத்து, பன்னிகளை மட்டும் அப்புறப்படுத்தவும்.

நளினி சென்னைக்குப் போகவில்லை. பன்னி விஷயமாக அவள் மூன்று கடிதம் எழுதியும் மேனேஜர் நம்பவில்லை. ஒருநாள் நேரில் வந்து பார்ப்பாராம். பேண்டேஜில் பெரும்பகுதி மாயாபந்தருக்கும் ஹட் பேக்குமாகப் போய்ச் சேர்ந்தது.

ஆறு ரோல் மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கடைகளில் பட்டி இன்னும் ‘அடுத்த கப்பலில்’தான் வருகிறது. அதனால் பேண்டேஜைப் பின்னிக் கொடி கட்டிக் கொடுத்தேன். காய்ந்த துணிக்கு அது அருமையான கொடி. ஈரப் புடவையைப் போட்டால்தான் இழுபட்டு இழுபட்டு, மதியத்துக்குள் முந்தானை சேற்றைத் தொட்டுவிடுகிறது.

“ஏங்க, பட்டி நல்லதா, பேண்டேஜ் நல்லதா?” என்று மங்கையர்க்கரசி தினமும், தெருவுக்கே கேட்கிறமாதிரி கேட்கிறாள்.

கட்டுகிற விதத்தில் இருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள், இரண்டு வீடு தள்ளி நளினி சிரிக்கிற சத்தம் கேட்டுவிடுகிறது.